பாகூர் கிணத்துல கிடைச்ச கருப்பு: சேதராப்பட்டு கரண்ட்டோட கார்பன் கதை

கார்பன் உமிழ்வு, நெட் ஜீரோன்னு நியூஸ்ல வர்றதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? இந்த எபிசோடோட கேள்வி இதுதான். பதில் தேட பாரிஸுக்கோ கிளாஸ்கோவுக்கோ போக வேண்டாம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில இருந்து ஆரம்பிச்சாலே போதும்.

இங்க இருக்கற பல ஷெட்டுக்குப் புகைபோக்கியே கிடையாது. மெயின் சுவிட்சைப் போட்டா மெஷின் ஓடும், அவ்வளவுதான். அப்போ இங்க கார்பன் எங்க இருக்கு? அதைத் தெரிஞ்சுக்க, இரண்டு திசையில கொஞ்ச தூரம் போகணும்.

முதல் திசை: திருவக்கரை

மயிலம் பக்கம் போனா திருவக்கரை. காளி கோயிலுக்காக நிறைய பேர் போயிருப்பீங்க. அதே ஊர்லதான் கல்மரப் பூங்காவும் இருக்கு. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த மரங்கள் அங்க கல்லா மாறிக் கிடக்கு. சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-லயே இதைப் பதிவு பண்ணியிருக்கார். கிளை, வேர், இலை எதுவும் ஒட்டியிருக்காது. அதனால பெருவெள்ளம் அடிச்சுட்டு வந்து மண்ணுல புதைச்ச மரங்கள்னு சொல்றாங்க.

ஒரு மரம் உயிரோட இருக்கும்போது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை எடுத்து உடம்பாக்கிக்குது. செத்ததும் பூஞ்சையும் கரையானும் அதைத் தின்னு, அதே கார்பனைத் திரும்பக் காத்துலயே விட்டுடும். இது வேகமான சுழற்சி. சில வருஷம், மிஞ்சிப்போனா சில நூறு வருஷத்துல கணக்கு முடிஞ்சிடும்.

ஆனா சில மரங்கள் இந்தச் சுழற்சியில இருந்து தப்பிச்சிடுது. திருவக்கரையில நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா மரத்துக்குள்ள ஊறி, மரத்தோட இடத்தை மெல்ல மெல்லப் பிடிச்சுக்கிச்சு. வடிவம் மட்டும் நின்னுச்சு, கார்பன் பெரும்பாலும் போயிடுச்சு. சதுப்பு நிலத்துல, காத்து படாம, மண்ணுக்கடியில அழுந்தின தாவரங்களுக்கு வேற விதி. அங்க கார்பன் அப்படியே தங்கி, பழுப்பு நிலக்கரி ஆயிடுச்சு. அதான் லிக்னைட்.

இரண்டாவது திசை: பாகூர், நெய்வேலி

1880-கள்ல, பிரெஞ்சு ஆட்சியில, புதுச்சேரியைச் சுத்தி தண்ணிக்காக ஆழமா துளை போட்டாங்க. தானா பொங்கி வர்ற ஊற்றுதான் அவங்க தேடினது. பாகூர் பக்கம் துளைச்சப்போ தண்ணியோட லிக்னைட்டும் தெரிஞ்சது. ஆனா அங்க சுரங்கம் வரல, இன்னைக்கும் இல்ல. பாகூர் இப்பவும் புதுச்சேரியோட நெற்களஞ்சியம்தான்.

சுமார் 50 வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒரு கதை நெய்வேலியில நடந்தது. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்போ, தண்ணியோட கருப்பா ஏதோ வந்தது. இந்த முறை கதை அங்கேயே நிக்கல. 1956-ல நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவாச்சு. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1962-ல, சோவியத் உதவியோட, முதல் மின் அலகு ஓட ஆரம்பிச்சது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட இணைஞ்சதும் அதே 1962-லதான்.

இன்னைக்கு நம்ம சுவிட்சுக்கு வர்ற கரண்ட் ஒரே இடத்துல இருந்து வர்றதில்ல. ராமகுண்டம், கல்பாக்கம்னு பல ஊர்க் கரண்ட் கிரிட்ல கலந்து வருது. அதுல நெய்வேலிக்கும் ஒரு பங்கு உண்டு. சேதராப்பட்டுல புகை தெரியாததுக்குக் காரணம் இதுதான். நம்ம புகைபோக்கி வேற ஊர்ல இருக்கு.

சாஃப்ட்வேர்காரன் பாஷையில சொல்றேன். மரம், மண், கடல் மேற்பரப்பு, காத்து எல்லாம் ரேம் மாதிரி. எழுதும், அழியும், மறுபடி எழுதும். லிக்னைட் ஆழத்துல பூட்டி வெச்ச பழைய பேக்கப். கோடிக்கணக்கான வருஷத்துப் பேக்கப்பை நாம 60 வருஷமா ரேம்ல கொட்டிட்டு இருக்கோம். 12 கிலோ கார்பன் எரிஞ்சா 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகும். மனுஷன் வெளியேத்துறதுல ஏறக்குறைய பாதியைக் காடும் கடலும் உள்ள இழுத்துக்குது. மீதி காத்துலயே தங்கிடுது. 1958-ல ஹவாய் தீவுல கீலிங் அளக்க ஆரம்பிச்சப்போ 10 லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போ 420-ஐத் தாண்டியாச்சு.

குறைச்சோமா, குறைக்கலையா?

இனிமேதான் விஷயம் சிக்கலாகுது. நெய்வேலியோட பழைய முதல் அனல் நிலையம் 600 மெகாவாட். அதை 2020-ல மூடிட்டாங்க. அதுக்கு மாற்றா வந்த புது நிலையம் 1000 மெகாவாட். புது பாய்லர் ஒரு யூனிட் கரண்ட்டுக்குக் கம்மியா லிக்னைட் எரிக்கும். அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனா ஒரு யூனிட்டுக்கு எவ்வளவுன்னு பார்க்கறது ஒரு கணக்கு, மொத்தமா எவ்வளவுன்னு பார்க்கறது வேற கணக்கு.

இந்தியாவோட 2030 வாக்குறுதியும் முதல் வகைதான். 2005-ஓட ஒப்பிட்டா, பொருளாதாரத்தோட ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகற அளவை 45 சதவீதம் குறைப்போம்ங்கறதுதான் அது. 2023-ல அறிவிச்ச கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டமும் ஒரு டன் சிமென்ட்டுக்கு, ஒரு டன் அலுமினியத்துக்கு எவ்வளவுன்னுதான் இலக்கு வைக்குது. மொத்தத்தைப் பூஜ்யம் ஆக்கற வாக்குறுதிக்கு வருஷம் 2070.

இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். உலக சராசரி மனுஷன் வருஷத்துக்கு 4 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளியேத்தறான். இந்தியன் சுமார் 2 டன். இப்பதான் ஃபேன்ல இருந்து ஏசிக்கு மாறுற வீட்டைப் பார்த்து, 150 வருஷமா நிலக்கரி எரிச்ச நாடு கணக்கு கேட்கறது நியாயமா? ஆனா வானத்துக்கு நியாயம் தெரியாது. அதுக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். இந்த ரெண்டும் ஒரே நேரத்துல உண்மைங்கறதுதான் பிரச்சனையே.

இதுல மூணாவதா ஒருத்தர் இருக்கார், விவசாயி. 2023 ஏப்ரல்ல காவிரி டெல்டாவை ஒட்டின மூணு லிக்னைட் பகுதிகளை ஏலப் பட்டியல்ல இருந்து மத்திய அரசு எடுத்தது. தமிழ்நாடு எதிர்த்ததுதான் காரணம். அதே வருஷம் ஜூலையில, வளையமாதேவியில, சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, விளைஞ்சு நின்ன நெல்வயல்ல பொக்லைன் இறங்குச்சு. நிலம் எப்பவோ கையகப்படுத்தியாச்சுன்னு நிர்வாகம் சொன்னது. கதிர் வர்ற நேரத்துலயான்னு ஜனங்க கேட்டாங்க. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அந்த வீடியோவைப் பார்க்கும்போது போன் சார்ஜ்ல போட்டிருந்தோமா, அந்தக் கரண்ட்ல ஒரு துளி அங்கிருந்து வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கிரிட் அப்படித்தான். ஆனா பங்கு இருக்கு. அதனாலதான் நம்ம கூரையில ஏறுற ஒவ்வொரு சோலார் பேனலையும் நான் பில் குறையற விஷயமா மட்டும் பார்க்கறதில்ல. பாகூர்ல தண்ணி தேடினப்போ தெரிஞ்ச கருப்பு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு, மேல நெல் விளையுது. அந்தக் கார்பன் எங்க இருக்கணுமோ அங்க இருக்கு.

அடுத்த முறை திருவக்கரை போனா அந்தக் கல்மரத்தைத் தொட்டுப் பாருங்க. உங்க வீட்டு மாடியில சோலார் போட்டிருந்தா, இல்ல போட முடியாம சிக்கல் ஏதாவது இருந்தா, எழுதுங்க. அதை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம்.