அருணகிரியார் வரலாற்றில் நோயும் பரத்தையரும்

திருவண்ணாமலையில் வல்லாள மகாராசன் கோபுரத்தைக் காட்டி, அருணகிரிநாதர் உயிர்விடத் துணிந்து வீழ்ந்த இடம் இதுவே என்பர். இளமையில் விலைமாதரை நாடிப் பொருளிழந்து, அவரால் நோயும் எய்தினார் என்றும், முருகன் தாங்கி ஆட்கொண்டான் என்றும் செவிவழி வரலாறு கூறும். அந்நோய் யாது?

தொழுநோய் என்பார் பலர். மேகப்புண் என்பாரும் உளர். பின்னதைக் காலம் மறுக்கின்றது. திருப்புகழில் பிரபுடதேவராயர் பெயர் வருதலின், ஆசிரியர் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினர் எனத் துணிவர். அவ்வரசராகக் கருதப்படும் இரண்டாம் தேவராயர் 1446இல் மறைந்தார். மேகப்புண்ணோ, 1498இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே இந்நாட்டிற் பரவியது என்பது மருத்துவ வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கொள்கை. பறங்கிப்புண் என்னும் பெயரே அது வந்த வழியைக் காட்டும். இனித் தொழுநோயோ, பரத்தையர் கூட்டத்தால் வருவதன்று. நோய்களை எண்ணிக் காப்பு வேண்டும் திருத்தணிப் பாடலிலும் இருமல், நீரிழிவு, சோகை முதலியன உள; தொழுநோய் சுட்டப்படவில்லை. (நீரிழிவையும் மேகத்துள் அடக்குவர் சித்த மருத்துவர்; ஆயினும் அது தொற்றுவதன்று.) ஆகவே, விலைமாதரைப் பழிக்கும் பாடல்களைத் தன்வரலாறாகக் கொண்டு பிற்காலத்தார் புனைந்ததே இந்நோய்க்கதை எனல் பொருந்தும்.

நோய் தந்தவளாகக் கூறப்படும் பெண் அதனை யாரிடமிருந்து பெற்றாள், அவளுக்கு மருந்திட்டவர் யார் என்று அக்கதை யாண்டும் வினவவில்லை. இவ்வினவாமை பிற்காலத்தில் சட்டமாகவே உருக்கொண்டது. படைவீரரை மேகநோயினின்று காக்கவென ஆங்கில அரசு 1868இல் இயற்றிய சட்டம், சென்னை முதலிய இடங்களிற் பரத்தையரைப் பதிந்து, உடல் சோதித்து, நோயுற்றாரை மருத்துவமனையில் அடைத்தது. அவர்பால் வந்த ஆடவரைச் சோதிக்கவில்லை. உறுதியாகத் தீர்க்கும் மருந்தும் அந்நாளில் இல்லை, பாதரசமே கொடுத்தனர். 1888இல் அச்சட்டம் நீங்கியது.

1986இல், சென்னையிற் காவல் இல்லத்திலிருந்த பெண்டிரின் குருதியை, மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்னும் மாணவியார் தொகுத்தார். திருவண்ணாமலையும் அன்று அடங்கியிருந்த வடஆர்க்காட்டு மாவட்டத்தின் வேலூரில் அது சோதிக்கப்பட்டது. அறுவரிடம் எச்.ஐ.வி. தொற்று இருத்தல் தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் அறிவு. தொற்றுடைய பெண்டிர் அடைக்கப்பட்டே இருந்தனர்; 1990இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் விடுதலை பெற்றனர். இரண்டாண்டு கழித்துக் கல்கத்தாவில் தொடங்கிய சோனாகாச்சித் திட்டமோ, அப்பெண்டிரையே நலம் கற்பிப்போராக அமர்த்தி, ஆணுறையின்றி வருவோனை மறுக்கும் வலிமையை அவர்க்கு உண்டாக்க முயன்றது.