வெயில் ஊரில் ஒரு ஹீட்டர்

ஸ்ரீரங்கத்து வெயிலில் கார் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்? கொடைக்கானல் குளிரில்தான் குட்டு வெளிப்படும்: 'என்னய்யா, ஹீட்டர் போட்டா ஜில்லுனு காத்து வருது?'

1893-ல் சிகாகோவின் மார்கரெட் வில்காக்ஸ், ரயில் பெட்டிக்கான ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். 1929-ல் ஃபோர்டு 'மாடல் ஏ' காரில், புகைக்குழாயின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே வந்தது. குழாயில் புகை கசிந்தால் ஆபத்து! பிறகுதான் இன்ஜினைச் சுற்றிவரும் வெந்நீர் அந்த வேலையை ஏற்றது.

அந்த வெந்நீருக்கு ஒரு கதவு உண்டு: தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. திருச்சி வெயிலில் பழைய வண்டி கொதித்தால், சில மெக்கானிக்குகள் அதையே கழற்றிவிடுவார்கள். அப்புறம் மலைக்குளிரில் இன்ஜினே சரியாகச் சூடாகாது. ஹீட்டர் பாவம், என்ன செய்யும்? பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், 'தெர்மோஸ்டாட் இருக்கா?' என்று கேளுங்கள். வெயில் ஊர் வண்டிக்கும் அந்தக் கதவு வேணும் சார்!