மணியார்டரும் சிட்டாவும்

அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எத்தனையோ மணியார்டர் பார்த்தவன் நான். அரசாங்கமே விவசாயிக்கு மணியார்டர் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

சிறு விவசாயிகளின் பம்புசெட்டுக்கு 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச மின்சாரம் வந்தது. 1989-ல் அமைந்த கருணாநிதி ஆட்சி அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்து துப்பாக்கிச் சூடுவரை கண்ட மின்கட்டணப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் மீண்டும் கட்டணம் வந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு ஈடாக மணியார்டரில் உதவித்தொகை. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் தோற்றபின், அந்த மே மாதமே இலவச மின்சாரம் திரும்பிவிட்டது.

அப்போது நான் கவனித்தது ஒன்று. கிணறு தாத்தா வெட்டியது, மின் இணைப்பு தாத்தா பெயரில், தாத்தா இறந்து பல வருடம். பேரன் வந்து நிற்பான். செத்தவர் பெயருக்கு வந்த பணத்தை அவனிடம் எப்படிக் கொடுப்பது?

பதினைந்து வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் பிரதமர் மோடி 'பி.எம். கிசான்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்கில். முதலில் ஐந்து ஏக்கர் வரை இருந்தவர்களுக்கு மட்டும். சில மாதங்களில் அந்த வரம்பும் போயிற்று. தபால்காரர் வேலை மிச்சம். ஆனால் கேள்வி பழையதுதான்: காகிதத்தில் யார் பெயர்?

குரும்பலூரில் எனக்குப் பூர்வீக நிலம் மூன்று ஏக்கர். கரிசல் காடு. மக்காச்சோளம், பருத்தி, கிணற்றுத் தண்ணீர் இருக்கும் வருடம் சின்ன வெங்காயம். உழுவது நானல்ல, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர். குத்தகை வாய்ப்பேச்சுதான். 2018-ல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தபோது, விடியுமுன் மருந்து டேங்கைத் தோளில் மாட்டியவர் அவர்.

மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் வாங்குபவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. அது நியாயம், எனக்கு வேண்டாம். ஆனால் நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கும் இடமில்லை.

"அண்ணே, சிட்டாவுல உங்க பேரு, உங்களுக்குப் பென்சன் வருது. நான் உழுவுறேன், எம்பேரு சிட்டாவுல இல்ல. அப்ப இந்தக் காட்டுக்கு விவசாயியே கிடையாதா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

2020-ல் தமிழ்நாட்டில் இதே திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கணினியில் பெயர் ஏற்றியிருந்தார்கள். விவசாயமே செய்யாதவருக்குப் பணம் போனது, உழுதவருக்குப் போகவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2019 தொடக்கத்தில் ஒடிசாவின் 'காலியா' திட்டம் நிலமில்லாக் குடும்பங்களையும் சேர்த்தது. ஆந்திராவும் குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தது. நம்மிடமோ குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் உண்டு. பதியத்தான் ஆளில்லை. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடையவனுக்குப் பயம். கேட்டால் குத்தகையே போகும் என்று உழுபவனுக்குப் பயம்.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி என்ன? போன தை மாதம், "குத்தகையில் 6,000 கழித்துக்கொள் தம்பி" என்றேன். சரி என்று தலையாட்டினார். எழுத்து வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை.