கரிசல் நிலத்துத் தொடக்கப் பள்ளிகளும் அறிவியல் பாடமும்

தமிழில் அச்சேறிய அறிவியல் நூல்களின் வரலாற்றை எழுதுவோர், ரேனியஸ் ஐயர் 1832ஆம் ஆண்டு வெளியிட்ட 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலை அதன் தொடக்கத்தில் வைப்பது வழக்கம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இந்தப் பிரஷ்ய நாட்டு மிஷனெரி 1838இல் அங்கேயே மரித்தார். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சபைகளை நிறுவியதோடு பள்ளிகளையும் பெருக்கினார். உலகத்தைப் பற்றிய அறிவைத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே பெறுவதற்கு வழி செய்தார். நம் சபை வரலாறுகள் இதைப் பெருமிதத்தோடு கூறுகின்றன. பெருமிதம் தகும். ஆயினும் நம் வினா வேறு. தொடக்கம் இவ்வளவு முந்தியதாயிருக்க, கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையின் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் ஏன் நெடுங்காலம் ஒப்புவிக்கும் பாடமாகவே நின்றது?

தாமிரபரணிப் பாசனத்துக்கு வடக்கேயுள்ள இந்த வானம் பார்த்த பூமிக்கு 1854இல் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் ஆகிய மூவரும் கூடாரங்களோடு வந்தனர். ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து தேறியவர்; 1858இல் சிவகாசியில் மரித்தார். அவர்தம் கூடார ஊழியத்தின் நோக்கம் சுவிசேஷ அறிவிப்பே. பள்ளிகள் அதன் பின்னர் பெருகின. சிற்றூர்களில் பெரும்பாலும் உபதேசியாரே உபாத்தியாயர், ஜெபவீடே பள்ளிக்கூடம். காலையில் ஞானோபதேச வினாவிடையைச் சொல்லிக் கொடுத்தவரே பிற்பகலில் பூகோளத்தையும் சொல்லிக் கொடுத்தார். ஒன்றைக் கற்பித்த முறை மற்றொன்றிலும் ஒட்டிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம். திண்ணைப் பள்ளியும் மனப்பாடத்தையே நம்பியிருந்தமையால், இக்குறையை மிஷன் பள்ளிகளின்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று.

அரசு மானியமும் இம்முறைக்கே துணை செய்தது. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடைத்தது. 1860களில் சென்னை மாகாணத்தில், தேர்வில் தேறும் பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் தரும் முறை வந்தது. கீழ் வகுப்புகளில் தேர்வு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையே நாடியது. ஒரு வண்டு எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் செய்த ஆசிரியருக்கு ஓர் அணாவும் கூடுதலாகக் கிடைக்க வழியில்லை. கர்சன் பிரபு காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம், நாட்டுப்புறப் பள்ளியின் பாடம் உழவர் வாழ்வோடு இசையவேண்டுமெனக் கூறிற்று. கூறியதற்கும் நடந்ததற்கும் இடையே தூரம் மிகுதி.

இத்தீர்மானத்திற்கு 3 ஆண்டுகள் முன்னரே, 1901இல், கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றிவிட்டது. மானாவாரிப் பயிர்களே அதன் பணி. 'கே' என்னும் எழுத்தைத் தாங்கிய பருத்தி இனங்கள் அங்கிருந்து வந்தவை. அறிஞர் ஆராயத்தக்க மண் என்று அரசு கண்டுகொண்ட அதே மண், அருகிலிருந்த பள்ளியில் பாடநூலின் ஒரு வரியாக அடங்கிக் கிடந்தது. அம்மண்ணோ வியப்பிற்குரியது. நீர் பட்டால் விரிந்து, காய்ந்தால் சுருங்கும் களிமண் அதில் மிகுதி. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேல்மண் அவ்வெடிப்புகளில் உதிர்ந்து விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆகவே கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது எனலாம். வெடிப்பில் விழுந்த கோலிக்குண்டைத் தேடிய பிள்ளை இப்பாடத்தின் பாதியை ஏற்கெனவே கற்றிருக்கிறான்.

இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் தாம் பள்ளியைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். மழையைப் பார்ப்பதும் ஒரு பாடந்தானே! 1982இல் அவர் வெளியிட்ட கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டினால், பள்ளிக்கு வெளியே எத்துணை நுட்பமான கவனிப்பு வாழ்ந்தது என்பது விளங்கும்.

இச்சீமையின் மற்றொரு பள்ளியைக் குறிப்பிடாமல் செல்வது உண்மையாகாது. அது தீப்பெட்டி ஆபீஸ். 1920களில் சிவகாசியில் வேரூன்றிய இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவிற்று. மழை பொய்த்த குடும்பங்களின் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், விடியுமுன் ஆபீஸ் வண்டியேறினர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை இத்தொழிலில் அமர்த்துவதைத் தடை செய்தது. 1996இல் உச்சநீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளின் வழக்கில் தீர்ப்பளித்தது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினாலன்றிப் பற்றாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த வேதியியலுக்கு நடுவிலே கூலிக்குக் குச்சி அடுக்கினர். அது ஏன் எரிகிறது என்று கேட்பதற்குரிய வகுப்பறையில் அவர்கள் இல்லை. ஆலயத்தில் அவர்களுள் சிலர் இருந்தனர். அவர்களுக்கு நாம் பிரசங்கித்தோம்.

இன்றும் பல சேகரங்களில் குருவானவருக்குத் தொடக்கப் பள்ளிப் பொறுப்பு உண்டு. கட்டடம், சம்பளப் பட்டியல், ஆய்வாளர் வருகை ஆகியவற்றோடு அப்பொறுப்பு முடிந்துபோவதை நாம் அறிவோம். கரிசல் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, மண்ணின் வகைகளைச் சொல்லுமாறு நான்காம் வகுப்பில் கேட்டோம். ஒரே மூச்சில் ஒப்புவித்தார்கள். உங்கள் காலடியில் இருப்பது எது என்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதைப்பவன் உவமையை அன்று காலையில்தான் ஆராதனையில் விளக்கியிருந்தோம். நான்கு நிலங்களையும் கேட்போர் கண்ணால் கண்டவையாகவே ஆண்டவர் பேசினார் என்பது அப்போதுதான் நமக்கே உறைத்தது.

அப்பள்ளியின் ஆசிரியை வெளியே சென்று ஒரு சுக்கான்கல்லைப் பொறுக்கி வந்து பொடித்து, அதன்மேல் எலுமிச்சஞ்சாற்றைப் பிழிந்தார். பொடி நுரைத்தது. கல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்து புளிப்போடு சேர்ந்து காற்றை வெளிவிடுகிறது என்பதை அவர் பிறகுதான் சொன்னார். மறுநாள் பிள்ளைகள் மடிநிறையக் கற்களைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார்களாம். அவற்றுள் எவை நுரைக்கும், எவை நுரையா என்பது ஆசிரியைக்கே தெரிந்திருக்கவில்லை.