சொன்னாளாம்... சொன்னாள்!

நடுவர் அவர்களே! எதிரணித் தோழர் ரொம்ப அழகாகப் பேசினார். "வரலாற்றுக் கதை நடந்ததா, நடக்கலையான்னு எதுக்குத் தோண்டுறீங்க? சுவை இருக்கு, நீதி இருக்கு, போதாதா?" என்று கேட்டார். போதாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுச் சேதி. அக்கா கல்யாணத்தில், "இது பாயசமா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று எங்க அத்தை கேட்டாராம். முதல் வருஷம் "கேட்டாங்களாம்". மூணாவது வருஷம் "கேட்டாங்க". பத்தாவது வருஷம், "நான் பக்கத்திலேயே நின்னேன்" என்று நாலு பேர்! (சிரிப்பு) உண்மை என்ன தெரியுமா? தாலி கட்டி முடிந்ததும் அத்தை ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். பந்தியிலேயே உட்காரவில்லை!

தமிழில் 'ஆம்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. "நான் பார்க்கலை, கேள்விப்பட்டேன்" என்று அர்த்தம். கதை வாய் மாற மாற, அந்த 'ஆம்' எங்கேயோ விழுந்துவிடுகிறது. வரலாற்றிலும் அதே கதிதான்.

சின்னப் பையன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டினார். அப்பாவிடம் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். நாமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எழுதியவர் வீம்ஸ் என்கிற பாதிரியார். வாஷிங்டன் இறந்தது 1799ல். புத்தகம் வந்தது 1800ல். மரம் வந்தது 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்! முதல் பதிப்பில் இல்லாத மரம் ஆறே வருஷத்தில் முளைத்துவிட்டது. 'பொய் சொல்லாதே' என்பதற்கே ஒரு பொய்! (கைதட்டல்)

அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை. நியூட்டனின் ஆப்பிள் இருக்கிறது. 1726ஆம் ஆண்டு ஏப்ரல் 15ந் தேதி, தோட்டத்து மர நிழலில் தேநீர் குடிக்கும்போது, ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக நியூட்டனே தன் நண்பர் ஸ்டூக்லியிடம் சொன்னார். அவரும் எழுதி வைத்தார். தலையில் விழுந்தது மட்டும் நம்ம சேர்க்கை! (சிரிப்பு) விசாரித்தால் உண்மைக்கும் நியாயம் கிடைக்கும் நடுவர் அவர்களே.

இவை பாராட்டும் கதைகள். பழி சுமத்தும் கதை?

பிரான்ஸ் ராணி மேரி அன்டாய்னெட். "ஜனங்களுக்கு ரொட்டி இல்லையா? கேக் சாப்பிடட்டுமே!" என்றாளாம். இந்தப் பேச்சை 1760களில் எழுதி வைத்தவர் ரூசோ. அதில் 'ஒரு பெரிய இளவரசி' என்றுதான் இருக்கிறது. பெயர் இல்லை. கேக்கும் இல்லை, வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டி. மேரி 1755ல் வியன்னாவில் பிறந்தவர். பிரான்சுக்கு மருமகளாக வந்ததே 1770ல், 14 வயதில்! ரூசோ எழுதியபோது அவர் தாய் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. பந்திக்கு வராத எங்க அத்தை கதைதான்!

ராணி ஆடம்பரமாகச் செலவழித்தார், உண்மை. 1793 அக்டோபர் 16ல் கில்லட்டினில் தலை போனதும் உண்மை. செய்த தப்பைச் சொல்லுங்கள். சொல்லாத சொல்லை ஏன் இத்தனை காலமாக அந்தப் பெண் தலையில் சுமத்த வேண்டும்? இன்னொரு நஷ்டமும் உண்டு. ரொட்டி ஏன் கிடைக்கவில்லை? 1788ல் ஆலங்கட்டி மழை, விளைச்சல் நாசம், ரொட்டி விலை ஏற்றம். கேக் நினைவிருக்கிறது, ஜனங்களின் பசிக்கான காரணம் மறந்துபோச்சு!

எங்க அத்தையை அக்கா வீட்டில் பதினோரு வருஷம் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. யாரும் பஸ் நேரத்தைக் கேட்கவில்லை.

ஆகவே, கதை சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையா? அந்த 'ஆம்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)