தேவதானத்துக்கு எது ரயிலடி? விருதுநகர் மாவட்ட இருப்புப்பாதைகளின் வரலாறும் மலையடிவார ஊர்களும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே போனால் சேத்தூர், தேவதானம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடிவார ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். நன்செயும் தோப்பும் சந்தையும் உள்ள ஊர்கள். இவற்றில் எதற்கும் ரயில் நிலையம் கிடையாது. ராஜபாளையம் வரை சாலைக்குத் துணையாக வந்த தண்டவாளம் அங்கே சாலையை விட்டு விலகிச் சங்கரன்கோவிலுக்குப் போய்விடுகிறது. பிறகு மேற்கே வளைந்து கடையநல்லூரில்தான் மறுபடி மலையடிவாரத்தைத் தொடுகிறது. இந்த வளைவு ஏன் நேர்ந்தது, அதனால் தேவதானம் போன்ற ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விருதுநகர் மாவட்டம் 1985இல் பிறந்தது. மாவட்டத்தின் ரயில் பாதைகளோ அதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்டுவிட்டன. எந்தப் பாதையும் இந்த மாவட்டத்து மக்களை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டதல்ல. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டபோது, உள்நாட்டுச் சரக்கு துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். வழியில் இருந்ததால் விருதுபட்டிக்கும் சாத்தூருக்கும் நிலையம் கிடைத்தது. அந்த வாய்ப்பை வணிகர்கள் விடவில்லை. பருத்தி, மிளகாய், பருப்பு வகைகள் என்று சுற்றுவட்டாரச் சரக்கெல்லாம் விருதுபட்டிக்கு வந்து விலை பேசப்பட்டது. 1923இல் ஊர் விருதுநகர் ஆனது. நிலையத்தின் குறியீடு மட்டும் இன்றும் விருதுபட்டியை நினைவூட்டும் ‘விபிடி’தான். பயணச்சீட்டில் இந்த மூன்றெழுத்தைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

மேற்குப் பகுதியான ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் அடுத்த ஐம்பது ஆண்டுகள் ரயிலுக்கு வெளியேதான் கிடந்தது. அதற்குள் தெற்கே ஒரு பெரிய வேலை நடந்து முடிந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்து புனலூர், கொல்லத்துக்கும் 1904க்குள் பாதை போய்விட்டது. ஆனால் மதுரையில் ஏறிக் கொல்லம் போகிறவர் மணியாச்சி, திருநெல்வேலி என்று தெற்கே இறங்கி, மறுபடி வடமேற்காக ஏறித்தான் தென்காசியை அடைய முடிந்தது. அந்தச் சுற்றைக் குறைக்கும் குறுக்குவழிதான் 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதை. ஏறத்தாழ 120 கிலோமீட்டர். திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்கள் இதனால்தான் ரயிலைக் கண்டன. சென்னையையும் கொல்லத்தையும் இணைத்த மெயில் வண்டி பின்னாளில் இவ்வழியே ஓடியது.

காலமும் கூடிவந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல்தான் தொடங்கியிருந்தது; நான்கே ஆண்டில் ரயில் வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் 1930களில் நூற்பாலை எழுந்தது. பஞ்சு வரவும் நூல் போகவும் வழி இருந்ததால்தான் அந்த ஊர் ஆலை நகரமாக வளர முடிந்தது என்பது என் கருத்து. பாதை தங்களைத் தொடாத மலையடிவார ஊர்கள் அவ்வாறு வளரவில்லை. அங்கே மண்வளத்துக்கோ நீர்வளத்துக்கோ ஒரு குறையும் இல்லை.

இனி அந்த வளைவுக்கு வருவோம். சங்கரன்கோவில் அப்போதே வட்டத் தலைநகர். ஆடித்தபசுக்கு அலையலையாகக் கூட்டம் வரும் தலம். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். சரக்கு, பயணி என்று இரு வகை வருமானமும் அங்கே உறுதி. மலையடிவாரத்தின் நிலவமைப்பு வேறு. தேவதானத்துக்கு மேற்கே சாஸ்தா கோயில் பக்கமிருந்து இறங்கும் ஓடைகளையும், அவற்றால் நிரம்பும் கண்மாய்களையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் குறுக்கே பாயும் நிலத்தில் பாதை போட்டால் அடிக்கு அடி பாலம் கட்ட வேண்டும்; கிழக்கே சமவெளியில் அந்தச் செலவு குறைவு. வருமானமும் செலவும் சேர்ந்துதான் பாதையைக் கிழக்கே இழுத்தன என்று கொள்வதே பொருத்தம்.

இப்பகுதி மக்கள் சிவராத்திரியன்று வலம்வரும் பஞ்சபூதத் தலங்களை வைத்துப் பார்த்தால் இந்த வளைவின் விளைவு இன்னும் தெளிவாகும். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஊருக்கு மேற்கே மலையை ஒட்டி இருக்கிறது. ஐந்து தலங்களில் விரைவு வண்டி நிற்கும் நிலையம் சங்கரன்கோவிலுக்கு மட்டுமே. மற்ற நான்கையும் சேவிக்க வருகிறவர் பேருந்தைத்தான் நம்ப வேண்டும்.

நிலையத்தின் பெயரை மட்டும் நம்பியும் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்போன புளியங்குடிக்குப் பக்கத்து நிலையம் எது என்று வெளியூர்க்காரரைக் கேட்டால் சொல்ல மாட்டார். ரயில்வே பட்டியலில் புளியங்குடி என்ற பெயரே இல்லை. சங்கரன்கோவிலுக்கும் கடையநல்லூருக்கும் இடையே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘பாம்புக்கோவில் சந்தை’ என்றிருக்கும். அங்கே இறங்க வேண்டும். அதேபோல் தேவதானத்துக்கு வருகிறவர் வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளந்து பார்த்து நிலையத்தை முடிவு செய்யக் கூடாது. மதுரை–தென்காசிப் பேருந்துகள் ஓடும் கொல்லம் தேசிய நெடுஞ்சாலை எங்கே ரயிலடியைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் ராஜபாளையமே தேவதானத்தின் ரயிலடி.

1963–64இல் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்குப் போன பாதை மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு ரயிலைக் கொண்டுவந்தது. மேற்கே புதுப்பாதை எதுவும் வரவில்லை. இருந்த பாதை 2004இல் பிராட்கேஜ் ஆயிற்று. பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓடத் தொடங்கியது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் அகலமாக்கப்பட்டு 2018இல் கொல்லம் வண்டி மீண்டது. பாதை அகலமானதே தவிர, அதன் தடம் 1927இல் வகுத்ததுதான். வத்திராயிருப்பிலிருந்து தேவதானம் வரை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் தவிர வேறெங்கும் இன்றும் ரயில் இல்லை.

புதிய தண்டவாளம் வரும்வரை இந்த ஊர்களைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது. சென்னை வண்டிகள் ராஜபாளையத்துக்கு வந்துபோகும் நேரத்தை ஒட்டி, நிலைய வாசலிலிருந்தே சேத்தூர், தேவதானம், சிவகிரிக்குப் பேருந்து விட வேண்டும். ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் கலந்து பேசினால் செய்துவிடக்கூடிய காரியம் இது. மலையடிவார மக்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்.