ஈயும் எமனும்

கனிந்த வாழைப்பழத்தை ஒரு நாள் மூடாமல் வைத்துவிட்டால் போதும். எங்கிருந்தோ பொடிப் பொடியாக ஈக்கள் வந்து மொய்த்துக்கொள்ளும். விசிறினால் விலகும், மறுபடியும் வந்து உட்காரும். அந்த அற்ப ஜீவனைக் கொண்டு சாவின் ரகசியங்களில் ஒன்றை மனிதன் அறிந்துகொண்ட சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற பேராசிரியர் பால் புட்டிகளில் வாழைப்பழத்தைப் போட்டு இந்த ஈக்களை வளர்த்தார். 1910-இல், சிவந்த கண்ணுள்ள ஈக்களிடையே வெள்ளைக் கண்ணுள்ள ஈ ஒன்று அவருக்கு அகப்பட்டது. பிள்ளைக்குப் பெற்றோர் சாயல் எப்படி வருகிறது என்ற ஆராய்ச்சிக்கு அந்த ஈ பெரிய திறவுகோலாயிற்று. 1933-இல் மார்கனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று இட்ட முட்டை பத்தே நாளில் பறக்கும் ஈயாகிவிடும். ஆராய்ச்சிக்காரருக்கு இதைவிட வேறு என்ன வரப்பிரசாதம் வேண்டும்?

மார்கன் ஆராய்ந்தது பிறப்பின் விஷயம். சாவின் விஷயம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? கருவிலிருக்கும் குழந்தையின் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு எப்படி மறைகிறது? அங்கிருந்த உயிரணுக்கள் செத்துப் போகின்றன. அதுவும் நோயால் அல்ல, காயத்தால் அல்ல. சாக வேண்டிய வேளை வந்ததால் சாகின்றன. தேரை இனத்துக் கருவில் இப்படிப்பட்ட அழிவைக் கார்ல் ஃபோக்ட் என்பவர் 1842-லேயே குறித்து வைத்தார். 1964-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் லாக்ஷினும் கரோல் வில்லியம்ஸும், கூட்டை விட்டு வந்த பட்டுப்பூச்சியின் வயிற்றுத் தசைகள் கரைந்து போவதை ஆராய்ந்து, இதைத் ‘திட்டமிட்ட சாவு’ என்றார்கள். 1972-இல் கெர், வைலி, கரீ என்ற மூவர், இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து ‘அபாப்டாசிஸ்’ என்று பெயரிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் சில சமயம் கவிதை வந்துவிடுகிறது!

திட்டம் என்றால் அது எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டுமல்லவா? எங்கே? ஒரு சின்னஞ் சிறு புழுவில் 1090 உயிரணுக்கள் உண்டாகி, அவற்றில் சரியாக 131 சாவதை எண்ணிக் கணக்கிட்டு, அதற்கான ஜீன்களையும் கண்டார்கள். அந்த வேலைக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஈயில் அப்படி எண்ண முடியாது. அதன் உயிரணுக்கள் ஆயிரக் கணக்கானவை. செத்த அணுவோ வெகுநேரம் கிடப்பதில்லை. பக்கத்து அணுக்கள் அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகின்றன. பிணமும் இல்லை, சாட்சியும் இல்லை. துப்பறிவது எப்படி?

மாஸாசுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெர்மன் ஸ்டெல்லர், கிறிஸ்டின் வைட், ஜான் ஏப்ரம்ஸ் ஆகியோர் அதற்கு ஒரு சாயத்தைக் கையாண்டார்கள். பெயர் அக்ரிடின் ஆரஞ்சு. முட்டையின் மேல்தோலைச் சலவைத் திரவத்தால் நீக்கிச் சாயத்தில் ஊற வைத்தால், உயிரோடிருக்கும் அணுக்களில் அது பற்றுவதில்லை. செத்துக்கொண்டிருக்கும் அணுக்களில் மட்டும் பற்றுகிறது. பூதக்கண்ணாடியின் கீழே நீல ஒளியைப் பாய்ச்சினால், மரணம் மின்மினிபோல் ஒளிர்கிறது. முட்டையிட்டு ஏழு மணி நேரமானதும் முதல் புள்ளிகள் தென்படும் என்று 1993-இல் எழுதினார்கள்.

அடுத்த காரியம்தான் சாமர்த்தியமானது. குரோமசோமில் ஒரு துண்டு அறுந்துபோன ஈ வம்சங்களை ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்த்து வந்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே குறை இருந்தால், கால் பங்கு முட்டைகளில் அந்தத் துண்டு அறவே இராது. இத்தகைய வம்சங்களின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சாயத்தில் தோய்த்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது குரோமசோமில் ஒரு துண்டை இழந்த முட்டைகள் வந்தபோது, மின்மினியே காணோம். ஒரே இருட்டு! எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சினாலும் அவற்றின் அணுக்கள் எளிதில் சாகவில்லை.

சாவையே தெரியாத அந்த முட்டைகள் சிரஞ்சீவிகள் ஆயினவா? அதுதான் இல்லை. போக வேண்டிய அணுக்கள் போகாமல் குவிந்தன. நரம்பு மண்டலம் தேவைக்கு மிஞ்சிப் பெருத்தது. முட்டை பொரியாமலே மடிந்தது. அணுக்கள் சாகாததால் உடல் செத்தது. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தொலைந்த துண்டிலிருந்த ஒரு ஜீனை 1994-இல் பிரித்தெடுத்து, ‘ரீப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். நம் எமனுக்குப் பாசக்கயிறு. அவர்கள் எமனுக்கு அரிவாள். கதிர் அறுப்பவன் என்பது பெயரின் பொருள். அது உண்டாக்கும் புரதத்தில் அமினோ அமிலங்கள் 65 மட்டுமே. இத்தனை சின்னது எப்படிக் கொல்கிறது?

அதற்கு ஈயின் கண் உதவிற்று. கண் கெட்டாலும் புட்டிக்குள் ஈ பிழைத்திருக்கும். ஆகவே ரீப்பரைக் கண்ணில் மட்டும் வேலை செய்ய வைத்தார்கள். கண் சுருங்கிச் சொரசொரப்பாயிற்று. எந்த ஜீனை மாற்றினால் கண் தேறுகிறது, எதை மாற்றினால் இன்னும் கெடுகிறது என்று பார்த்தபோது, 1995-இல் ஒரு காவற்காரப் புரதம் அகப்பட்டது. அணுவை அழிக்கும் நொதிகள் முன்கூட்டியே அணுவுக்குள் தயாராக இருக்கின்றன. காவற்காரன் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறான். ரீப்பர் வந்து அவன் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். காவற்காரனே இல்லாத கருவில் அணுக்கள் கூட்டம் கூட்டமாக மாள்கின்றன.

இதே வேலையைச் செய்யும் புரதம் ஒன்று மனித உடலிலும் இருப்பதை 2000-இல் கண்டுபிடித்தார்கள். அதன் தொடக்கத்திலுள்ள சில அமிலங்கள் ரீப்பரின் தொடக்கத்தை ஒத்திருக்கின்றன. புற்றுநோய் என்பது சாக மறுக்கும் அணுக்களின் கலகம் அல்லவா? அந்தத் தொடக்கத்தைப் போலவே மருந்துகள் செய்து நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்தார்கள்.

எமன் எருமை ஏறி எங்கிருந்தோ வருகிறான் என்றே நாம் கேட்டு வளர்ந்தோம். ஈ சொல்லும் சேதி வேறு. அவன் பிறந்த நாளிலிருந்தே உள்ளே இருக்கிறான். நமக்கு ஐந்து விரல்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தவனும் அவனே.